மாமன் மடி

ஆவணி 3, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. கூடமெல்லாம் மணல். காலையில் பெருக்கியதை மத்தியானம் மறுபடி பெருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. சத்திரத்தில் கூட்டம் இல்லை. மாடியில் வடக்கத்திக் குடும்பம் ஒன்று மட்டும்.

எழுந்தது தாமதம். எழ முடியவில்லை என்பதே சரி. விழித்த பிறகும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. ஈரச் சாக்கை மேலே போட்டு அமுக்கியதுபோல ஒரு கனம், அவ்வளவுதான். பல் தேய்ப்பதற்கே ஆள் வைக்க வேண்டும்போல. சமையல்கார ராமையா வாசலில் நின்று, "கணக்கய்யாவுக்கு இன்னும் விடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நக்கல் பிடித்தவன்.

காலையில் கனம், சாயங்காலம் படபடப்பு. ஒன்று போனால் ஒன்று. சில நாள் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

மத்தியானம் மாப்பிள்ளை வந்து நின்றார். தங்கை ராக்குவின் புருஷன். முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போடுகிறவர், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார். இன்றைக்குப் பேசினார்.

"மச்சான், வார இருவதாந்தேதி அய்யனார் கோயில்ல காதுகுத்து. ரெண்டு தடவ தள்ளிப்போட்டாச்சு. பயலுக்கு மூணு நடக்குது. இதுக்கு மேல எங்காத்தா பொறுக்காது. நீங்க வரலைன்னா ராக்குவோட சித்தப்பா மகன் மடியில உக்காரவச்சுக் குத்திருவோம்னு சொல்லிருச்சு."

அப்படிக் குத்திவிட்டால் அவன்தான் மாமன். நாளைக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவன்தான் முன்னால் நிற்பான். நான் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வரலாம். அய்யாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. எனக்கு ராக்கு ஒருத்தி. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன். கடுக்கன் செய்து பெட்டியில் கிடக்கிறது, பையன் பிறந்த வருஷத்திலிருந்து.

"லீவு கெடைக்கலையா? நான் வேணும்னா உங்க மானேஜரக் கேக்கட்டா?" என்றார். லீவு எப்போது கேட்டாலும் கிடைக்கும். என்ன சொல்வது? பாம்பன் பாலத்தின் மேல் ரயிலில் உட்கார என்னால் ஆகாது, அதனால்தான் தங்கை மகன் முகத்தை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை என்றா?

"வாரேன் மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டேன். ரயில் ஏறப் போய்விட்டார். அவருக்கு எவ்வளவு சுலபம்.

ஆவணி 6, வியாழன்

காற்று குறையவில்லை. விறகு வந்து இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்திருக்கிறாராம், சின்ன வயசு. போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உளறாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்த விதம்: தீபாவளி முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது. என்ன காரணமோ, நடுப்பாலத்தில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் கடல். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை விரல் மரத்து, வாய் வறண்டு, இதோ சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எதிரில் ஒருத்தர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நான் சாகிறேன், இவர் முறுக்குத் தின்கிறார். வண்டி நகர்ந்தது. நான் சாகவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தீவை விட்டு ஒரு அடி வெளியே வைத்ததில்லை. கனம் வந்தது அதற்கும் அப்புறம். எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

காரணம் என்று இதுவரை சொல்லப்பட்டவை:

பித்தம் (ராமையா).
வேளாங்கண்ணிக்கோ வேறு எங்கேயோ நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் விட்டது (விறகுக்காரச் சூசை). நான் இந்து என்று சொன்னால், "அதுனால என்ன, நேந்தா நேந்ததுதான்" என்கிறான்.
கல்யாணம் ஆகாதது (இதைச் சொல்லாதவர் இல்லை).
கண்ணேறு. என் சம்பளத்துக்கு யார் கண் வைத்தார்கள் என்று தெரியவில்லை.
சனி (ஜோசியர்). தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணத்தில் முங்கி எழுந்தால் சரியாகிவிடுமாம். தேவிபட்டினம் போக முதலில் பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்ட முடிந்தால் நான் ஏன் ஐயா ஜோசியரிடம் வருகிறேன்?

செய்து பார்த்தவை: இஞ்சிச்சாறும் தேனும். தாயத்து. நரம்பு டானிக், கசப்பு. பழைய டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர்: தூக்கம் வந்தது, பகலிலும் வந்தது, கணக்கில் தப்பு வந்தது. கோயில் தீர்த்தம் அத்தனையிலும் குளித்தேன். ஊர் உலகத்திலிருந்தெல்லாம் பாவம் தீர இங்கே வந்து குளித்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு ரயில் ஏறுகிறார்கள். எனக்குச் சளி பிடித்தது.

ஆவணி 10, திங்கள்

வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எழுத வந்தேன். வீடு ஏது எனக்கு. ராமையாவுக்குச் சொல்லாமல், என்று வைத்துக்கொள்வோம்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார். முதுகில் வைத்தார். "இருதயம் நல்லா இருக்கு."

"அப்ப ஏன் இப்படி அடிக்குது?"

"நல்லா இருக்குறதாலதான் இப்படி அடிக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். தூக்கம்? பாதியில் விழிக்கிறேன். பசி? இல்லை. முன்னே பிடித்தது எது, இப்போது பிடிக்கிறதா? கடற்கரையில் சீட்டாட்டம் பார்ப்பேன், இப்போது போவதில்லை. அழுகை? சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தேன்.

"செத்துப்போகணும்னு தோணுதா?"

யாரும் இதுவரை கேட்டதில்லை. "சாகணும்னு இல்ல டாக்டர். இல்லாமப் போயிட்டாத் தேவலைன்னு இருக்கும்." அவர் பயப்படவில்லை. அப்படித் தோன்றுவது கூடினால் எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லி, என்னிடம் சத்தியம் வாங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

காலையில் ஒரு வியாதி, மாலையில் ஒரு வியாதி, இரண்டுக்கும் தனித்தனி மருந்தா என்று கேட்டேன். "ரெண்டும் பின்னிக்கிட்டு வர்றது ரொம்பப் பேருக்கு உண்டு. பயந்து பயந்து ஓய்ஞ்சு போறீங்க. ஓய்ஞ்சு கெடந்தாப் பயம் கூடுது" என்றார். ஏன் வந்தது? "நெசத்தைச் சொல்லணும்னா, எனக்கு முழுசாத் தெரியாது. எவனாவது தெரியும்னு சொன்னா என்கிட்டயும் அனுப்பி வைங்க." இப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை. நம்பலாமா என்றும் தெரியவில்லை.

சொன்னவை: மிக்ஸ்சர் பாதி அளவு, படுக்கும்போது மட்டும். காப்பி ஒரு வேளை. காலையில் மனசு வராவிட்டாலும் எழுந்து நடப்பது. மனசு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போய்ப் பழகுவது. யாராவது ஒருத்தரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுவது.

கடைசியில் சொன்னது ரொம்பக் கஷ்டம். காப்பி அதைவிடக் கஷ்டம்.

ஆவணி 13, வியாழன்

மூன்று நாளாகக் காலையில் நடக்கிறேன். கனம் குறைந்ததாகத் தெரியவில்லை. செருப்புத் தேய்ந்தது தெரிகிறது.

இன்றைக்கு ரயிலில் பாம்பன் வரை போனேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் கடைசி ஸ்டேஷன். இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வண்டி பாலத்தில் ஊர்ந்து போவதைப் பார்த்தேன். உள்ளே பெண்கள், குழந்தைகள், ஒரு ஆட்டுக்குட்டிகூட. ஆட்டுக்குட்டி போகிறது. அடுத்த வண்டியில் திரும்பினேன்.

கரையில் சூசை வத்தைக்குப் பாய் தைத்துக்கொண்டிருந்தான். அக்கரையில் மண்டபத்திலிருந்து அந்தப் பாய்ப்படகில் விறகு கொண்டுவந்து சத்திரத்துக்குப் போடுகிறவன். எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அவனிடம் சொல்லிவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? கேட்டுவிட்டு இரண்டு தையல் போட்டான்.

"இம்புட்டுத்தானா? நான் ஏதோ கொல கிலை பண்ணிட்டு இங்கன வந்து ஒளிஞ்சுகெடக்கியன்னுல நெனச்சேன்" என்றான்.

இரண்டு வருஷமாக அப்படி நினைத்துக்கொண்டுதான் என்னிடம் விறகுக்கு ரசீது வாங்கியிருக்கிறான். அந்தோணியார் கோயில் எண்ணெய் ஒரு குப்பியில் கொடுத்தான். நெற்றியில் தடவ வேண்டுமாம். தடவினேன். எதைத்தான் தடவவில்லை.

ஆவணி 18, செவ்வாய்

கேவலம்.

புது வேட்டி, சட்டை. பெட்டியில் கடுக்கன், பையனுக்குப் பட்டுச் சொக்காய், ராக்குவுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி. பரமக்குடிக்கு டிக்கெட். ஜன்னல் ஓரம் வேண்டாம் என்று நடுவில் உட்கார்ந்தேன். தங்கச்சிமடம் வரை சரியாக இருந்தது. பாம்பனில் வண்டி நின்றபோதே கை மரக்க ஆரம்பித்துவிட்டது. மூச்சை இழுத்து விட்டேன். ஒன்று இரண்டு எண்ணினேன். முருகா என்றேன். வண்டி ஊதிற்று. அடுத்து எனக்குத் தெரிந்தது, பிளாட்பாரத்தில் நிற்கிறேன். பெட்டி வண்டியில்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. பெட்டி பாலத்தைத் தாண்டிவிட்டது, நான் தாண்டவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷர். எதற்கு இறங்கினேன் என்று கேட்காமல் மண்டபத்துக்குத் தந்தி அடித்து, பெட்டியை இறக்கி வைக்கச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் அவர் முன்னால் அழுதேன். முப்பது வயசுக்காரன், மீசை வைத்துக்கொண்டு.

நாளை மறுநாள் காதுகுத்து. ராக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சித்தப்பா மகன் இப்போதே வந்து உட்கார்ந்திருப்பான்.

திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. சூசை வீட்டுக்குப் போனேன். பாம்பனில்தான், கோயிலுக்குப் பின்னால். "பாலம்தான ஒங்களுக்கு ஆகாது? கடல் ஆகுமா? விடியக்காலம் வத்தையில வாரியளா? கச்சானுக்குத் தெக்குக் கடல்தான் ஆடும். வடக்குக் கடல் தூங்கிக்கிட்டுக் கெடக்கும்" என்றான்.

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆவணி 19, புதன்

ராக்கு வீட்டில் இருந்து எழுதுகிறேன். வந்துவிட்டேன். எப்படி என்று எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

விடியலில் வத்தை. அலை இல்லை. இடது கைப் பக்கம் பாலம் நீளமாக, அதன் கால்களில் தண்ணீர் அடிப்பது கேட்டது. காத்திருந்தேன், இப்போது வரும், இப்போது வரும் என்று. வரவில்லை. நடுக்கடலில் நான், நெஞ்சு சாதாரணமாக. சூசை பீடி பற்றவைத்துக்கொண்டு, "பாத்தியளா, எண்ணெ வேலை செய்யுது" என்றான். சரி, பாலத்தைத்தான் பிடிக்கவில்லை எனக்கு, அது தீர்ந்தது, இனி வத்தையிலேயே போய் வரலாம் என்று இருந்தது. இரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மண்டபம் ஸ்டேஷனில் பெட்டியைக் கொடுத்தார்கள். போர்ட்டர், "பெட்டி ஒங்களுக்கு முன்னாடி வந்துருச்சே" என்றான். சூசை ராமநாதபுரம் வரைக்கும் வந்து வழியனுப்புகிறேன் என்று கூடவே பஸ் ஏறினான்.

ரா.புரத்தில் பஸ் மாறினோம். முதுகுளத்தூர் பஸ், நல்ல நெரிசல், கண்டக்டர் கதவைச் சாத்தினார். அப்போது வந்தது.

கடல் இல்லை, பாலம் இல்லை. பொட்டல் காடு, கருவேல மரம். நெஞ்சு அதே அடி. விரல் அதே மரப்பு. அப்போதுதான் விளங்கிற்று. பாலத்துக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சனியன் என்னோடுதான் இருக்கிறது. நான் எங்கே போனாலும் டிக்கெட் வாங்காமல் கூட ஏறிக்கொள்ளும். இரண்டு வருஷம் தீவுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தது வீண். இதை நினைத்ததும் இன்னும் மோசமானது. இறங்க வேண்டும், கத்த வேண்டும். இறங்கலாம் என்று சூசையிடம் சொல்லத் திரும்பினேன்.

சூசை முகம் வெளுத்துப் போயிருந்தது. ரா.புரம் வரைதான் வருகிறேன் என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பஸ்ஸிலும் ஏறியிருக்கிறான். அவன் வாழ்நாளில் மண்டபத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லையாம். "கணக்கய்யா, இது என்ன இப்பிடி ஆடுது" என்றான். அவ்வளவுதான். என் புதுச் சட்டையில் பாதி, ஜன்னலுக்கு வெளியே பாதி.

பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன், அலையில் ஒரு நாள் குமட்டாதவன், முதுகுளத்தூர் ரோட்டில் வாந்தி. பஸ்ஸில் ஆளாளுக்கு, "தலையப் பிடிங்கப்பா", "எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்க". நான் அவன் தலையைப் பிடித்தேன். வாயைத் துடைத்தேன். திட்டினேன்கூட. மறுபடி வந்தது, மறுபடி பிடித்தேன். முதுகுளத்தூர் வந்துவிட்டது. என் நெஞ்சை நான் எப்போது விட்டேன், அது எப்போது அடங்கியது, தெரியாது.

இறங்கி நின்று, "செத்தாலும் இனி இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றான் சூசை. எப்படித் திரும்பிப் போவான் என்று அவனுக்கும் தெரியவில்லை. எனக்கும் அதே நிலைமை. இரண்டு பேரும் ஆட்டுச்சந்தைத் திடலில் உட்கார்ந்து சிரித்தோம்.

ராக்கு வாசலிலேயே நின்றாள். இளைத்துவிட்டாள். "வந்துட்டிகளாண்ணே" என்று மட்டும் சொன்னாள். சட்டையைக் கழற்றச் சொல்லித் துவைக்கக் கொண்டுபோனாள்.

ஆவணி 20, வியாழன்

வெயில். அய்யனார் கோயில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிப் பையனைக் கொண்டுவந்தார்கள். என்னை யார் என்றே தெரியாது அவனுக்கு. பந்தல் நிறைய ஆட்கள். சித்தப்பா மகன் முன் வரிசையில், சலவை வேட்டியில், எழுந்திருக்கத் தயாராக.

பலகையில் உட்கார்ந்தேன். பையனை மடியில் வைத்தார்கள். வாழைப்பழம் கையில். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு போதுமே. முதலில் வலது முழங்கால், பிறகு இடது. நிறுத்தப் பார்த்தேன், கூடிற்று. பையன் மடியில் குலுங்கினான்.

ஆசாரி கையை எடுத்துவிட்டார். "மடி ஆடுதேய்யா. கம்பி விலகுனா காது கிழிஞ்சுபோகும்."

"வெயிலு" என்றேன். குரலும் ஆடிற்று. பின்னால் யாரோ, "குடிச்சிருக்காரோ?" மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகவே சொன்னாள்: "நல்ல நேரம் போகுது. அந்தப் பயல உக்காரச் சொல்லுங்க." சித்தப்பா மகன் எழுந்தான். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பையனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. எழுந்திருக்கக்கூட முடியாது, கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

ராக்கு வந்தாள். ஆம்பிளைகள் நடுவே, யாரையும் பார்க்காமல், எனக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் என் இரண்டு முழங்காலிலும் வைத்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்தினாள். முழு பலத்தோடு.

"குத்துங்க ஆசாரி" என்றாள்.

குத்தினார். பையன் அலறினான். மறு காதும் ஆயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வேப்பமரத்தடியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அய்யாவுக்கும் இப்பிடித்தாண்ணே ஆடும்" என்றாள்.

அய்யாவா? மீசையை முறுக்கிக்கொண்டு, ஊரைத் தாண்டிக் கால் வைக்காத, யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாத, தலைக்கனம் பிடித்தவர் என்று பேரெடுத்த அய்யாவா?

"என் கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டுறப்ப அய்யாவக் காணோமில்ல? வைக்கப்படப்புக்குப் பின்னால மொழங்காலக் கட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருந்தாக. அம்மாதான் கூட இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரோடு ஏதோ ரோசம், பெற்ற மகள் கல்யாணத்தில்கூட வீம்பு என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் கடைசி வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செத்தபோது வந்து கொள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிருச்சு. பைத்தியம் ஓடுற குடும்பம்னா எவன் பொண்ணு எடுப்பான், எவன் குடுப்பான்னு." சொம்பை வாங்கிக்கொண்டு, "நீங்க வராம இருந்தப்பவே நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சுண்ணே."

ஒரு வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு பூட்டு. எனக்கு அழுகை வந்தது. அய்யாவுக்காகத்தான், எனக்காக இல்லை. டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஆவணி 21, வெள்ளி

மேகமூட்டம். காலையில் கனம், வழக்கம்போல. எழுந்து கண்மாய்க் கரை வரை நடந்தேன். சூசை மிளகாய் லாரியில் மேலே உட்கார்ந்து போய்விட்டான். திறந்த வண்டியானால் பரவாயில்லையாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை லீவு. திரும்புவதை நினைத்தால் இப்போதே உள்ளங்கை வேர்க்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா விடிந்ததும் பையன் இடுப்பில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினாள். என் மடியில் உட்கார்ந்ததற்கு. எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்லிக்கொண்டு கட்டினாள். ராக்கு அடுப்படியில் இருந்து பார்த்தாள், வாய் திறக்கவில்லை. இந்த வீட்டில் அவள் இருக்க வேண்டியவள்.

முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கால் இப்போது ஆடவில்லை. பையன் வந்தான். மொட்டைத் தலை, காதில் மஞ்சள், கடுக்கன். தூரத்தில் நின்று பார்த்தான். கிட்ட வந்தான். கூப்பிடாமலே மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, நேத்து மாதிரி ஆட்டுங்க" என்றான்.

ஆட்டினேன். போதும் என்று சொல்லவே மாட்டேன் என்கிறான், தொடை வலிக்கிறது.